கத்தி முந்துமா ஈட்டி முந்துமா

ஒருவன் கையில் குறுவாள். எதிரே நிற்பவன் கையில் எட்டடி ஈட்டி. இருவரும் நெருங்குகிறார்கள், முதல் அடி யாருடையது?

மேசையில் கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டுகளுக்கென்று 1978இல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு விதிப்புத்தகங்கள் இதற்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான பதில் சொல்கின்றன. அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஸ்பீட் ஃபேக்டர் என்று ஓர் எண் உண்டு. எண் சின்னதாக இருந்தால் ஆயுதம் வேகமானது. குறுவாளுக்கு 2, ஈட்டிக்கு அதன் நீளத்தைப் பொறுத்து 6 முதல் 8 வரை. அதாவது கத்தி முந்தும். அதே ஆண்டு கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட்டில் ஸ்டிரைக் ரேங்க் என்று ஒன்று வரும், அதிலும் சின்ன எண்தான் முதலில் அடிக்கும், ஆனால் ஆயுதம் நீளமாக நீளமாக எண் குறைந்துகொண்டே போய் மிக நீண்ட ஈட்டிகளுக்கு பூஜ்யமாகிவிடும். அங்கே ஈட்டி முந்தும்.

ஒரே ஆண்டு, ஒரே வகை விளையாட்டு, ஒரே கேள்வி. இரண்டு தரப்பும் தங்கள் விதிதான் நிஜச் சண்டைக்கு நெருக்கமானது என்று நம்பியது. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கேள்வியே ஒன்றல்ல, இரண்டு என்பது தெரியவரும். அந்த இரண்டையும் 1971லேயே இரண்டு பேர் சரியாகப் பிரித்து எழுதிவிட்டார்கள் என்பதும்.

இந்த விளையாட்டுகள் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும்போது, பேச்சும் பயணமும் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் யார் முதலில், யார் அடுத்து என்று வரிசை வேண்டும். அந்த வரிசையைத் தீர்மானிக்கிற விதிதான் இனிஷியேட்டிவ். பெரும்பாலும் பகடை உருட்டி முடிவு செய்வார்கள். அந்தப் பகடையோடு கையில் இருக்கிற ஆயுதத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டுமா, இருந்தால் எவ்வளவு என்பதுதான் ஐம்பது வருடமாக நடக்கிற வாதம்.

சரி, 1971. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் செயின்மெயில் என்ற சின்னப் புத்தகத்தை எழுதினார்கள். பொம்மைப் படைவீரர்களை வைத்து இடைக்காலப் போர்களை ஆடுவதற்கான விதிகள். அதில் ஆளுக்கு ஆள் மோதுவதற்கென்று ஒரு பகுதி உண்டு. ஆயுதங்களுக்கு வகுப்பு எண் கொடுத்திருப்பார்கள்: குறுவாள் 1, அங்கிருந்து ஏறி நெடுஈட்டி 12. முதல் சுற்றில் யார் தாக்க வந்தாரோ அவருக்குத்தான் முதல் அடி, ஆனால் எதிராளியின் ஆயுதம் இரண்டு வகுப்பு மேலே இருந்தால் அவருக்கு. இரண்டாம் சுற்றிலிருந்து, முன்பு முதலில் அடித்தவரே தொடர்ந்து முதலில் அடிப்பார், ஆனால் எதிராளியின் ஆயுதம் இரண்டு வகுப்பு கீழே இருந்தால் வாய்ப்பு அவருக்குப் போய்விடும். உயரமான இடத்தில், கோட்டைச் சுவர் மேல் நிற்பவருக்குத் தனிச் சலுகை.

இவ்வளவுதான் விதி. படித்துப் பார்த்தால் சண்டை கண்ணுக்குத் தெரிகிறது. நெருங்கும்போது நீளம் ஜெயிக்கும். அந்த நீளத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் குட்டை ஜெயிக்கும். ஈட்டிக்காரனுக்கு ஒரு வாய்ப்பு, அதைத் தவறவிட்டால் கத்திக்காரன் அவன் மேலேயே வந்து நிற்பான். பகடையே உருட்டாமல், எந்தக் கூட்டல் கழித்தலும் இல்லாமல், இரண்டே வாக்கியத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வகை விளையாட்டில் ஆயுத வேகம் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட நல்ல விதியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏன் இது சரி என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேய வாள்வீரர் 1599இல் பாரடாக்ஸஸ் ஆஃப் டிஃபென்ஸ் என்று ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய சண்டைப் பாடத்தின் அடிப்படை, எந்த உறுப்பை நகர்த்த எவ்வளவு நேரம் ஆகும் என்பது. கை வேகமானது, உடம்பு அதைவிட மெதுவானது, கால் எல்லாவற்றிலும் மெதுவானது. இதை நம் கத்திக்காரனுக்கும் ஈட்டிக்காரனுக்கும் வைத்துப் பாருங்கள். ஈட்டிக்காரன் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் போதும். கத்திக்காரனின் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் முதலில் கால் நகர்ந்தாக வேண்டும், அவன் கால் நகர்கிற நேரத்தில் எதிராளியின் கை வந்துவிடும். ஆயுதத்தின் எடையைப் பற்றிய பேச்சே இங்கே வரவில்லை. தூரம்தான் வேகம். ஆனால் உள்ளே நுழைந்த பிறகு கத்திக்காரனுக்குக் கை மட்டும் போதும். இப்போது பின்வாங்கி இடம் உண்டாக்கக் கால் தேவைப்படுவது ஈட்டிக்காரனுக்கு. கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

ஆனால் 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது எந்த ஆயுதமாக இருந்தாலும் ஓர் அடியின் சேதத்தை முடிவு செய்வது ஒரே ஒரு ஆறுமுகப் பகடைதான், யார் முதலில் என்பதைப் பற்றிப் புத்தகத்தில் தெளிவாக எதுவும் இல்லை. செயின்மெயில் கையில் வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்து ஆடினார்கள், இல்லாதவர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். 1977இல் எரிக் ஹோம்ஸ் தொகுத்த ஆரம்பநிலைப் பதிப்பில் வந்த விதி இன்றும் பலர் நினைவில் இருக்கிறது: குறுவாள் போன்ற இலகுவான ஆயுதத்தால் ஒரு சுற்றில் இரண்டு முறை அடிக்கலாம், இருகை வாள், போர்க்கோடரி போன்ற கனமானவற்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே புத்தகத்தில் எல்லா ஆயுதத்துக்கும் சேதம் அதே ஆறுமுகப் பகடை. கணக்குப் போட்டால் இரண்டு சுற்றில் குறுவாளுக்கு நான்கு அடி, இருகை வாளுக்கு ஒன்று, ஒவ்வொரு அடியின் பலமும் சமம். அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் உலகத்திலேயே சிறந்த ஆயுதம் காய்கறி நறுக்குகிற அளவுக் கத்திதான். வேகத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக வேறெதையும் வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அப்புறம்தான் அட்வான்ஸ்டு பதிப்பு. எண்கள் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில்: வெறுங்கை 1, குறுவாள் 2, குட்டை வாள் 3, நீள வாள் 5, போர்க்கோடரி 7, இருகை வாள் 10, நெடுஈட்டி 13. அந்த எண்களை வைத்து என்ன செய்வது என்பது அடுத்த வருடம், 1979இல் வந்த, ஆட்டத்தை நடத்துபவருக்கான டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில். இந்த ஒரு வருட இடைவெளியில் எத்தனை மேசைகளில் எத்தனை விதமாக அந்த எண்களைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் கடைசியில் வந்த விதி யாரும் ஊகித்திருக்க முடியாதது. ஒவ்வொரு தரப்பும் ஓர் ஆறுமுகப் பகடை உருட்டும், பெரிய எண் வந்தவர் முதலில். ஸ்பீட் ஃபேக்டர் பொதுவாகக் கணக்கில் வருவது இரண்டு பகடையும் ஒரே எண் காட்டினால் மட்டும்தான். ஆறில் ஒரு முறை. மற்ற ஐந்து முறையும் நெடுஈட்டியும் குறுவாளும் ஒன்றுதான்.

ஆனால் அந்த ஆறில் ஒரு முறை நடப்பது சாதாரணமல்ல. சின்ன எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சின்ன எண்ணின் இரண்டு மடங்கை எட்டினாலோ, வேகமான ஆயுதத்துக்கு எதிராளி கை தூக்குவதற்குள் இரண்டு அடி. வித்தியாசம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் முதலில் இரண்டு அடி, அப்புறம் எதிராளி அடிக்கிற அதே நேரத்தில் இன்னொன்று. குறுவாளும் நெடுஈட்டியும் மோதி இரண்டு பேரும் 4 உருட்டினால் கத்திக்காரனுக்கு மூன்று அடி, ஈட்டிக்காரனுக்கு ஒன்று. ஒருவர் 4, மற்றவர் 5 என்றால் ஒன்றுமே கிடையாது. அரிதாக வந்து அளவுக்கு மீறி அடிக்கிற விதி, அதனாலேயே பல மேசைகளில் அதைத் தொடாமலே விட்டார்கள்.

இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு. அந்தப் பதிப்பில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம், ஆறு ஆறு விநாடியாகப் பத்து செக்மென்ட். அந்த ஒரு நிமிடத்தில் பாய்ச்சல், பதுங்கல், ஏமாற்று வீச்சு எல்லாம் நடந்துகொண்டே இருக்கிறது, பகடை உருட்டுவது அதில் நல்ல வாய்ப்பு கிடைத்த ஒரு தருணத்துக்குத்தான் என்று புத்தகமே விளக்குகிறது. அப்படியானால் ஒரு வாளைச் சுழற்ற எடுக்கிற அரை விநாடி, முக்கால் விநாடி வித்தியாசத்தை இவ்வளவு நுணுக்கமாக 2, 3, 5 என்று எழுதி வைத்து என்ன பயன்? இரண்டு அளவுகோலும் ஒன்றோடொன்று பேசவே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். செயின்மெயிலின் முதல் பாதியை, அட்வான்ஸ்டு பதிப்பையும் எழுதிய கைகாக்ஸ் மறந்துவிடவில்லை. ஓடிவந்து பாய்கிற தாக்குதலில் இனிஷியேட்டிவ் பார்க்க வேண்டாம், நீளமான ஆயுதம் வைத்திருப்பவரே முதலில் அடிப்பார் என்று டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு சொல்கிறது. ஆக நீளமும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது, ஆனால் ஒன்று ஒரு பக்கத்தில், இன்னொன்று வேறொரு பக்கத்தில். இரண்டும் ஒரே சண்டையின் முன்பாதியும் பின்பாதியும் என்று சொல்கிற அந்த ஒட்டு மட்டும் காணாமல் போய்விட்டது.

ஸ்பீட் ஃபேக்டர் உண்மையில் பலத்தைக் காட்டிய இடம் ஒன்று உண்டு, அது மந்திரவாதியின் முன்னால். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தைப் போட மூன்று செக்மென்ட் ஆகும். எதிரே நீள வாளோடு ஒருவன், ஸ்பீட் ஃபேக்டர் 5, இனிஷியேட்டிவில் தோற்றுவிட்டான். அவன் உருட்டிய எண்ணுக்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து மூன்றோடு ஒப்பிட வேண்டும். அவன் உருட்டியது 1 என்றால் வித்தியாசம் 4, நெருப்பு முதலில் வெடிக்கும். 2 என்றால் இரண்டும் ஒரே கணத்தில். 3, 4, 5 என்றால் வாள் முந்தும், அடி விழுந்தால் மந்திரம் பாழ். கணக்கு கரடுமுரடுதான், ஒரு தடவை படித்தால் புரியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். மந்திரவாதி தான் என்ன போடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், சொன்ன பிறகு அது நிறைவேறுமா என்பது எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் குறுவாளோடு ஒருவன் நின்றால் பயம். நண்பர்கள் முன்னால் நின்று மறைக்க வேண்டிய தேவை. மேசையில் எல்லோரையும் ஒருவரையொருவர் பார்க்க வைத்த விதி அது.

1989இல் டேவிட் குக் தலைமையில் இரண்டாம் பதிப்பு வந்தபோது இந்தச் சிக்கலை நேராக்கினார்கள். பத்துமுகப் பகடை உருட்டி ஆயுதத்தின் வேக எண்ணைக் கூட்டிக்கொள், மந்திரமென்றால் அதைப் போட எடுக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள், குறைந்த எண் முதலில். ஆயுத வேகத்தை விருப்ப விதியாகத்தான் வைத்தார்கள், ஆனால் நிறையப் பேர் பயன்படுத்தினார்கள், 1998இல் பயோவேர் செய்த பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டிலும் இந்த எண்கள் இருக்கின்றன, கணினி கூட்டிப் பார்த்துக்கொள்வதால் யாருக்கும் சுமை தெரியவில்லை. மேசையில் சுமை தெரியும். ஐந்து ஆட்டக்காரர்கள், ஏழு ஓர்க் அரக்கர்கள், ஒவ்வொரு சுற்றும் பன்னிரண்டு பகடை, பன்னிரண்டு கூட்டல், அதை வரிசைப்படுத்திக் கூப்பிட வேண்டும்.

அந்தக் கூட்டலின் பலன் என்ன என்று ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். குறுவாள் 2, இருகை வாள் 10. இரண்டு பத்துமுகப் பகடைக்கு நூறு சாத்தியங்கள். அதில் இருகை வாள் முந்துவது ஒரே ஒரு தடவை, சமமாவது இரண்டு தடவை, மீதி 97இலும் குறுவாள்தான் முந்துகிறது. இது இனிஷியேட்டிவே அல்ல, தீர்ப்பு. குறுவாளும் நீள வாளும் என்றால் கொஞ்சம் உயிர் இருக்கிறது: நூறில் 72 குறுவாளுக்கு, 21 நீள வாளுக்கு, 7 சமம்.

இவ்வளவு முந்தியும் ஆட்டக்காரர்கள் குறுவாளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. காரணம் எளிது. இருவருக்கும் சுற்றுக்கு ஓர் அடிதான் என்றால், முந்துவதால் கிடைப்பது மொத்தச் சண்டைக்கும் அதிகபட்சம் ஓர் அடி கூடுதல். ஐந்து சுற்று நடக்கிற சண்டையில் நான் ஐந்து அடித்திருப்பேன், நீ நான்கு. மனித அளவு எதிரிக்குக் குறுவாளின் சராசரிச் சேதம் 2.5, இருகை வாளின் சேதம் 5.5. நாலு ஐந்தரை 22, ஐந்து இரண்டரை 12.5. வேகத்தின் மதிப்பு சண்டை எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது: ஓர் அடியில் விழுகிற முதல் நிலைக் கதாபாத்திரங்களுக்கு அதுதான் உயிர், எவ்வளவு சேதம் தாங்கலாம் என்று காட்டுகிற உயிர்ப்புள்ளிகள் ஐம்பது அறுபது என்று ஏறியபின் அது ஒன்றுமில்லை. விதி விவாதங்களில் இந்த ஒரு விஷயத்தைப் பேசாமலே எண் சரியா தப்பா என்று சண்டை போடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

எண்கள் தப்பு என்பதும் உண்மைதான். இரண்டாம் பதிப்பில் இருகை வாளின் எடை 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ. சண்டைக்கென்று செய்யப்பட்ட பழைய இருகை வாள்கள் பொதுவாக இரண்டிலிருந்து மூன்றரை கிலோவுக்குள் இருக்கும். இரண்டு கையும் பிடியில் தள்ளித் தள்ளிப் பிடிப்பதால் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, கீழ்க்கையின் சின்ன அசைவுக்கு முனை பெரிய வட்டம் போடும். அது மெதுவான ஆயுதம் அல்ல. கனமென்றால் மெதுவென்று கணக்குப் போட்ட இடத்திலேயே கணக்கு பிசகிவிட்டது.

ரூன்குவெஸ்ட்காரர்கள் இதில் பிசகாமல் போனதற்குக் காரணம் உண்டு. அதை எழுதியவர்களில் முக்கியமானவரான ஸ்டீவ் பெர்ரின், 1966இல் பெர்க்லியில் தொடங்கிய சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம் அமைப்பின் ஆரம்பகால உறுப்பினர்; கவசம் போட்டுக்கொண்டு, ஆயுதம் ஏந்தி, உண்மையிலேயே ஒருவரையொருவர் அடித்துப் பழகுகிற கூட்டம் அது. தூரம் என்பது என்ன என்று அவர்களுக்கு உடம்பால் தெரியும். அதனால்தான் ஸ்டிரைக் ரேங்க்கில் ஆயுத நீளத்தோடு ஆளின் உடலளவையும் சேர்த்தார்கள், உயரமானவனின் கை நீளம் என்பதால். ஆனால் அவர்களும் ஒரு பாதியோடு நின்றார்கள்: ஈட்டிக்காரனுக்கு முதல் சுற்றில் கிடைக்கிற நன்மை அடிப்படை விதிப்படி கடைசிச் சுற்று வரைக்கும் அப்படியே இருக்கும்.

2000இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு ஆயுத வேகத்தை மொத்தமாக எடுத்துவிட்டது. இருபதுமுகப் பகடையை சண்டை தொடங்கும்போது ஒருமுறை உருட்டினால் போதும், அந்த வரிசையே சுற்றிச் சுற்றி வரும். மேசையில் வேகம் கூடியது, உண்மை. இழந்தது என்னவென்றால் மந்திரவாதியின் பயம்: தன் முறை வந்தபோது மந்திரத்தை எடுத்த எடுப்பில் போட்டு முடித்துவிடலாம், நடுவில் குறுக்கிட எதிராளி முன்கூட்டியே காத்திருந்தாலொழிய, அல்லது பக்கத்திலேயே நின்றாலொழிய வழியில்லை. ஆனால் தூரம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. நீள ஈட்டி பத்தடி எட்டும், அந்த எல்லைக்குள் நுழைந்து மேலும் நெருங்குகிறவன் மேல் இலவசமாக ஓர் அடி விழும், அவன் ஒட்டி வந்துவிட்டால் அந்த ஈட்டியால் அவனைத் தொட முடியாது. செயின்மெயிலின் இரண்டு வாக்கியமும் இங்கே வேறு உடையில் நிற்கின்றன, இனிஷியேட்டிவைத் தொடாமலே.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு பாதியைத் திரும்பவும் கழற்றிவிட்டது. எல்லைக்குள் நுழைகிறவனை அடிக்க வேண்டுமென்றால் போலார்ம் மாஸ்டர் என்ற தனித்திறனை எடுத்திருக்க வேண்டும். ஒட்டி வந்தவனையும் அதே நீண்ட ஆயுதத்தால் எந்தச் சிரமமும் இல்லாமல் அடிக்கலாம். அந்தப் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் ஸ்பீட் ஃபேக்டர் ஒரு விருப்ப விதியாக மறுபடி தலைகாட்டுகிறது: இலகுவான ஆயுதத்துக்கு +2, கனமானதற்கு -2, இருகை ஆயுதத்துக்கு இன்னொரு -2, மந்திரத்துக்கு அதன் நிலை எவ்வளவோ அவ்வளவு கழித்தல், ஒவ்வொரு சுற்றும் முதலில் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு உருட்ட வேண்டும். குறுவாளுக்கும் பெரிய இருகை வாளுக்கும் ஆறு புள்ளி வித்தியாசம், ஆனால் பகடைக்கு இருபது முகம் என்பதால் நானூறில் 91 தடவை இருகை வாள் முந்தும். பழைய 97க்கு 1ஐ விட இது எவ்வளவோ மேல். இருந்தாலும் நீளத்துக்கு இதில் எந்த இடமும் இல்லை.

இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தவர்கள் பெரிய பெயர்களுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். 2002இல் வந்த தி ரிடில் ஆஃப் ஸ்டீலில் ஆயுதம் குட்டையானவர் பகடைகளை இழப்பார், ஓர் அடி போட்டு உள்ளே நுழைந்துவிட்டால் இழப்பு நீளமானவருக்கு மாறும். கென்சர் நிறுவனத்தின் புதிய ஹேக்மாஸ்டரில் சுற்றே கிடையாது, விநாடி விநாடியாக எண்ணிக்கொண்டே போவார்கள். எதிரெதிரே வரும்போது முதல் அடி நீளமான ஆயுதத்துக்கு, அதற்குப் பின் ஒவ்வொரு ஆயுதமும் தன் வேக எண் அளவு விநாடி கழித்துத் திரும்ப அடிக்கும். அழகான விதி, ஆனால் நடத்துபவருக்கு நிறையப் பொறுமை வேண்டும்.

எங்கள் மேசையில் ஐந்தாம் பதிப்புதான் ஆடுகிறோம், அதில் வரிசை விதியை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஆயுதங்களைக் குட்டை, நடு, நீளம் என்று மூன்றாகப் பிரித்தோம், எண் எதுவும் இல்லை. இருவர் முதன்முதலாக நெருங்கும்போது நீளமானவர் முதலில் அடிப்பார், பகடை என்ன சொன்னாலும். குட்டையானவரின் ஓர் அடி விழுந்துவிட்டால் அவர் உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம், அதற்குப் பின் அந்த ஜோடிக்குள் அவர்தான் முதலில், எதிராளி விலகி இடம் உண்டாக்குகிற வரைக்கும். மந்திரத்தைச் சுற்றின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும், தன் முறைக்குள் அடி வாங்கினால் மனத்தைக் குவிக்கிற சோதனை உருட்ட வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பதை பொம்மைகளை ஒட்டி வைப்பதும் தள்ளி வைப்பதுமே காட்டிவிடுகிறது. ஆளுக்கு ஆள் மோதும்போது இது நன்றாக ஓடுகிறது. மூன்று பேர் ஒரு ஈட்டிக்காரனைச் சூழ்ந்துகொண்டால் ஒருவர் உள்ளே வந்ததும் மற்ற இருவருக்கும் அது பொருந்துமா என்பதில்தான் இன்னும் ஒவ்வொரு வாரமும் வாக்குவாதம். இப்போதைக்கு பொருந்தாது என்று வைத்திருக்கிறோம், ஈட்டிக்காரர்கள் தரப்புக்கு அதில் திருப்தி, கத்திக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.